கடைசிப் பெயர் இல்லாதவர்கள்

(பெயர் மாற்றமும் சட்டமும் குறித்துத் திண்டுக்கல்லில் வாசகர்களிடையே வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீதிமன்ற வளாகத்தில் எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. "சார், பேரை மாத்தணும். எந்தக் கோர்ட்டுல மனுப் போடணும்?" கேட்பவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, சில சமயம் ஞானஸ்நானச் சான்றிதழ்கூட இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகளோ, "அங்க ஒரு கோர்ட் ஆர்டர் வாங்கி அனுப்புங்க" என்று போனில் சொல்லியிருப்பார்கள்.

என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கோர்ட்டிலும் மனுப் போட வேண்டியதில்லை. சென்னை அண்ணா சாலையில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் அங்கே போக வேண்டும். நீதிபதி உத்தரவு போட்டு நம் பெயரை மாற்றுவதில்லை. நாமே மாற்றிக்கொள்கிறோம், அரசு அதை அச்சடித்து ஊருக்குத் தெரிவிக்கிறது. இன்று நான் பேச வந்ததன் அடிப்படை இதுதான். பெயர் நம்முடையது, அதை எப்படி எழுத வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமையும் நம்முடையது. அந்த உரிமையை ஒரு விண்ணப்பப் படிவத்தின் காலிக் கட்டத்துக்குப் பயந்து விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

மகன் சொன்னதிலும் தவறில்லை. அவர் இருக்கிற அமெரிக்காவில் அப்படித்தான். அங்கே பெயரை மாற்ற விரும்புகிறவர் தன் ஊர் நீதிமன்றத்தில் மனுப் போடுவார். பல மாநிலங்களில் பத்திரிகையில் அறிவிப்பும் கொடுக்கச் சொல்வார்கள். கடன்காரரை ஏமாற்றவோ, குற்ற வழக்கிலிருந்து தப்பவோ பெயர் மாற்றவில்லை என்று நீதிபதிக்குத் தெரிந்தால் உத்தரவு கிடைக்கும். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலைக் காட்டித்தான் மற்ற ஆவணங்களை மாற்ற முடியும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது அதே விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். அப்படிக் கேட்டவர் உறுதிமொழியை நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் வேறு வழி. தானே கையெழுத்திட்டுச் சாட்சி வைத்து ஒரு பத்திரம் எழுதிக்கொண்டால் போதும்.

இந்தியாவில் பெயர் மாற்றத்துக்கென்று தனிச் சட்டமே கிடையாது. இருப்பது நடைமுறை: ஒரு பிரமாணப் பத்திரம், சில அலுவலகங்கள் கேட்டால் பத்திரிகை விளம்பரம், முடிவாக அரசிதழ் அறிவிப்பு. சட்டமே இல்லையென்றால் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அரசியலமைப்பிலிருந்து. ஒருவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்வது 19(1)(அ) பிரிவின்படி கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 3 அன்று ஜிக்யா யாதவ் வழக்கில் ஏற்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் அந்த அரசிதழைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமை தோறும் வெளிவருகிறது. அதன் ஆறாம் பாகத்தின் நான்காம் பிரிவு தனியார் விளம்பரங்களுக்கானது. பெயர் மாற்றங்கள் எல்லாம் அங்கேதான் வரும். பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒவ்வொரு அறிவிப்பும் ஒரே வார்ப்பு. "நான், இன்னார், இன்னாரின் மகன், இந்தத் தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் திண்டுக்கல், இந்த முகவரியில் வசிப்பவன், இனி இன்ன பெயரால் அறியப்படுவேன்." கீழே பழைய பெயரில் ஒரு கையொப்பம், ஊர், தேதி. அவ்வளவுதான். குழந்தையென்றால் "என் மகன்", "என் மகள்" என்று தொடங்கிப் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். காரணம் என்ன என்று அதில் ஒரு வரியும் இருக்காது. மதம் மாறியவர், விவாகரத்து பெற்றவர், எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டியவர், பள்ளியில் வாத்தியார் வைத்த பெயரை விட்டுப் பாட்டி வைத்த பெயருக்குத் திரும்பியவர் என எல்லோரும் அடுத்தடுத்து நிற்பார்கள்.

பகுதியின் தலைப்பில் ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். இந்த அறிவிப்புகளை வெளியிடுவதால் அரசுக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் இல்லை, விளைவுகளுக்கெல்லாம் அறிவித்தவரே முழுப் பொறுப்பு என்று. பலர் இதைப் படித்து மிரண்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்த வாசகம். பெயரைக் கொடுத்தது நான் இல்லை, நீயே எடுத்துக்கொண்டாய் என்று அரசு ஒப்புக்கொள்கிற இடம் அது.

சரி, இப்போது 'கடைசிப் பெயர்' என்பதற்கு வருவோம். நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது?

திண்டுக்கல் சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கோட்டை, வத்தலகுண்டு, ஆத்தூர், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும், தமிழ் பேசுகிற குடும்பங்களில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் நிற்கும். மகனுக்கு நம் பெயர் இனிஷியலாகும். பேரன் வரும்போது நம் எழுத்து உதிர்ந்துவிடும். இப்படித் தலைமுறைக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிற பெயர் முறை நம்முடையது. நம் மாவட்டத்திலேயே தெலுங்கு பேசுகிற வீடுகளில் வீட்டுப் பெயர் என்று ஒன்று உண்டு. அதுவும் முன்னால்தான் நிற்கும். சௌராஷ்டிரக் குடும்பங்களிலும் அப்படியே. மதுரையில் பிறந்த டி.எம்.எஸ். பெயரைப் பாருங்கள். தொகுளுவ மீனாட்சி அய்யங்கார் சௌந்தரராஜன். 'தொகுளுவ' என்பது குடும்பப் பெயர், அது முதலில். தந்தை பெயர் அடுத்து. அவருடைய சொந்தப் பெயர் கடைசியில். அதாவது, குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் அது கடைசிப் பெயர் அல்ல, முதல் பெயர்.

உலகத்துப் படிவங்கள் வேறு மாதிரி செய்யப்பட்டவை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். கடைசிப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரோடு போன பிள்ளையின் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் அந்த மூன்றெழுத்து ஏறிக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் நுழைய அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். வளைகுடா வேலையை நம்பி இருக்கிற மாவட்டங்களில் அந்தச் சில நாட்கள் எவ்வளவு பதைபதைப்பு என்பது டிராவல்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டுப் படிவமும் இதற்கு விலக்கல்ல. உங்கள் பையில் இருக்கிற பான் கார்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். பத்து எழுத்து, எண்கள். முதல் ஐந்தும் ஆங்கில எழுத்துகள். நான்காவது எழுத்து, தனிநபராக இருந்தால், 'பி'. ஐந்தாவது எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? உங்கள் கடைசிப் பெயரின் முதலெழுத்து. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். முருகன், தந்தை பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பெயர் கட்டத்தில் சுப்பையா என்று எழுதியிருந்தால் ஐந்தாவது எழுத்து 'எஸ்'. முருகன் என்று எழுதியிருந்தால் 'எம்'. இ-சேவை மையத்தில் அன்று உட்கார்ந்திருந்த பிள்ளை எந்தக் கட்டத்தில் எதைத் தட்டியதோ, அது உங்கள் எண்ணிலேயே பதிந்துவிட்டது. பின்னால் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது.

இங்கேதான் நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம் வருகிறது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் சிலர் சாதிப் பட்டத்தை எழுதுகிறார்கள். "வடக்கே எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க, கட்டத்துக்கு ஏதாவது வேணுமே" என்கிறார்கள். அப்பா பெயரிலும் தாத்தா பெயரிலும் இல்லாத பட்டம் பேரனின் பாஸ்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் இதைச் செய்யலாமா? நம் பட்டிவீரன்பட்டியை நினைத்துப் பாருங்கள். ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆங்கில வழக்கில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அந்த ஊர்க்காரர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கிற பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று நின்றவர். சென்னை பாண்டி பஜார் என்று வாயால் சொல்கிறோமே, அந்தப் பாண்டி அவர்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 1927 டிசம்பரில், பெரியார் தன் 'குடி அரசு' இதழின் முகப்பில் தன் பெயரோடு இருந்த பட்டத்தை எடுத்துவிட்டார்.

அவர் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. தன் இதழின் முகப்பில் அச்சுக் கோப்பதை மாற்றினார், அவ்வளவுதான். மாநாட்டு மேடையில் சொன்னவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் கையெழுத்தை மாற்றிக்கொண்டார்கள். நானே அறிவிக்கிறேன், நானே பொறுப்பு என்று அரசிதழில் இன்று நாம் செய்கிற அதே காரியத்தை, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் செய்தன. தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டு அவர் சாதியைக் கண்டுபிடிக்க முடியாத நிலை வந்ததற்கு ஒரு தலைமுறை கொடுத்த விலை அது. அதை ஒரு கணினிப் படிவம் கேட்கிறது என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பதா?

பட்டத்தை எடுத்தால் இடஒதுக்கீடு போய்விடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. போகாது. சாதிச் சான்றிதழ் தருவது வருவாய்த் துறை, பெற்றோரின் சான்றுகளைப் பார்த்து. உங்கள் பெயரின் வாலைப் பார்த்து அல்ல.

கடைசிப் பெயர்க் கட்டத்தைத் தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்தது கணினிக் காலத்தில் என்று நினைக்க வேண்டாம். புதுச்சேரியில் 1881லேயே சந்தித்தார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வழக்கறிஞர். 1873இல் ஐரோப்பியர் போலக் காலணியும் காலுறையும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காக அவரைத் தடுத்தார்கள். இந்தியர்கள் அப்படி வரக் கூடாதாம். அவர் பாரிஸில் இருந்த உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தன் சாதி, சமய வழக்கங்களின்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வர விரும்புகிற இந்தியர் வரலாம். வருகிறவர் ஒரு குடும்பப் பெயரை எடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி முன்வரிசையில் நின்றார். 'பிள்ளை' போயிற்று, 'லா போர்த்' வந்தது. அப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் நிறைய. கட்டம் நிரப்பியே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய நாளில்கூட, பொன்னுத்தம்பி தன் சாதிப் பட்டத்தை அதில் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் மக்கள் இன்னொரு வழி கண்டார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று தந்தை பெயரைச் சேர்த்தே பதிந்துகொண்டார்கள். அங்கும் தேவைப்பட்டது தந்தையின் பெயர்தான்.

நாமும் அதையே செய்யலாம். இனிஷியலை விரியுங்கள். சு. முருகன் என்பவர் முருகன் சுப்பையா ஆகட்டும். கடைசிப் பெயர் கட்டம் நிரம்பிவிடும், விசாவும் கிடைக்கும்.

அப்படியானால் நீதிமன்றத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. யாராவது உங்கள் பெயரை ஏற்க மறுக்கும்போது, அல்லது உங்கள் பெயரை நீங்கள் தீர்மானிக்க விடாதபோது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜிக்யா யாதவ் வழக்கு சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு எதிரானது. மதிப்பெண் சான்றிதழில் பெயரை மாற்ற வாரியம் பல தடைகள் வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் விஷயத்தைப் பிரித்துப் பார்த்தது. பள்ளிப் பதிவேட்டில் இருப்பதற்கும் சான்றிதழில் இருப்பதற்கும் வேறுபாடு வந்தால் அது திருத்தம், செய்தாக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் போன்ற அரசு ஆவணங்களோடு பொருந்தவில்லை என்றாலும் திருத்த வழி விட வேண்டும். ஆனால் ஒருவர் தன் விருப்பத்தால் புதிதாக ஒரு பெயர் எடுத்துக்கொண்டு, பழைய சான்றிதழில் அதை ஏற்றச் சொன்னால், இவர் பெயர் இதுதான் என்று நீதிமன்றம் அறிவிக்கிற விளம்புகையும் அரசிதழ் அறிவிப்பும் கேட்க வாரியத்துக்கு உரிமை உண்டு. பழைய பெயரும் குறிப்பாகச் சான்றிதழில் நிற்கும். எனவே சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்த உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும், அரசிதழோடு நிறுத்த முடியாமல் போகலாம். அப்போது மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் 34ஆம் பிரிவின்படி விளம்புகை வழக்குப் போட வேண்டும். எதிராளியாக அரசு இருந்தால், வழக்குக்கு இரண்டு மாதம் முன்பே உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு வழக்கைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அரசு அலுவலகம் காரணமே இல்லாமல் மறுத்தால் நேரே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் திறக்கப்பட்ட பிறகு நம் மாவட்டத்துக்காரர் இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கு ஆந்திரத்திலிருந்து போனது. அக்கெல்லா லலிதா வழக்கு. அந்தப் பெண்ணின் கணவர், குழந்தை பிறந்த சில மாதங்களில் இறந்துவிட்டார். பிறகு அவர் மறுமணம் செய்துகொண்டார். குழந்தை புதுக் குடும்பத்தின் வீட்டுப் பெயரோடு வளர்ந்தது. முதல் கணவரின் பெற்றோர் குழந்தையைத் தங்கள் பாதுகாப்பில் கேட்டு வழக்குப் போட்டார்கள். அது கிடைக்கவில்லை. ஆனால் உயர் நீதிமன்றம், யாரும் கேட்காமலே, குழந்தைக்கு இறந்த தந்தையின் வீட்டுப் பெயரையே திரும்ப வைக்க வேண்டும் என்றும், ஆவணங்களில் இப்போதைய கணவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஒரு சிறுவனின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் நிற்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் வகுப்பாசிரியர் அதைச் சத்தமாகப் படிப்பார்.

2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்படி எழுதச் சொல்வது குழந்தையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணாத கொடுமை என்ற பொருளில் நீதிபதிகள் கடுமையாகவே எழுதினார்கள். தந்தை இறந்த பிறகு தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்க அவரை யாரும் தடுக்க முடியாது. வீட்டுப் பெயர் வழக்கம் உள்ள நம் மாவட்டத்துத் தெலுங்குக் குடும்பங்களில், இளம் வயதில் கணவனை இழந்து மறுமணம் செய்துகொள்ளத் தயங்குகிற பெண்களுக்கு இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள். "பிள்ளைக்கு இனிஷியல் என்ன ஆகும்" என்ற ஒரே பயத்தில் வாழ்க்கையை அடைத்துக்கொண்ட பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பெண்களின் இனிஷியல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருமணம் ஆனதும் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றினால் சரி, மாற்றாவிட்டாலும் சரி. ஆனால் பாதி ஆவணங்களில் மாற்றிவிட்டுப் பாதியில் அப்பாவின் எழுத்தோடு இருந்தால், பத்திரப் பதிவிலும் வங்கியிலும் அலைய வேண்டியிருக்கும். தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய், தன் பெயரின் எழுத்தையே பிள்ளைக்கு இனிஷியலாக வைக்கலாம். திருமணமாகாத தாய் பாதுகாவலராக, தந்தையின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளும் மாறின. பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். பிரிந்து வாழ்பவர் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தருகிற அடையாளச் சான்றே, பிறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்களில் பெயரை மாற்றப் போதுமானது.

கடைசியாக, நடைமுறை. மரியசெல்வி என்று ஒரு செவிலியரை வைத்துக்கொள்வோம். பங்குக் கோவில் பதிவேட்டில் மரிய செல்வி. பத்தாம் வகுப்பில் எஸ். மரியாசெல்வி. ஆதாரில் செல்விமேரி. நர்சிங் கவுன்சில் பதிவில் வேறொன்று. அயர்லாந்திலிருந்து வேலை வந்திருக்கிறது. ஒரே ஆள்தானா என்று அவர்கள் கேட்கிறார்கள். "தாசில்தாரிடம் ஒரே நபர் சான்று வாங்கிக்கலாமா?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். உள்ளூர் வங்கிக்கு அது ஓடும், வெளிநாட்டில் ஓடாது. அவர் செய்ய வேண்டியது, எந்தப் பெயரோடு வாழ்வது என்று முதலில் தீர்மானிப்பது. எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, மாற்றவே கடினமான பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கு மற்றவற்றைக் கொண்டுவருவது எளிது. அது பிடிக்காவிட்டால்தான் அரசிதழ்.

அரசிதழுக்கு விண்ணப்பித்தால், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து அனுப்புங்கள். பழைய பெயர் ஆவணத்தில் இருக்கிறபடியே புள்ளி, இடைவெளி வரை இருக்க வேண்டும். படிவமும் கட்டண விவரமும் துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். அறிவிப்பு வெளிவந்த பிறகு ஆதாரை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே அவசரப்பட்டு முன்கூட்டியே கைவைக்காதீர்கள். அடுத்து பான், வங்கி, கடைசியாகப் பாஸ்போர்ட். அரசிதழ் "இனி" என்றுதான் சொல்கிறது. பழைய பட்டாவும் பத்திரமும் தானாக மாறாது. அந்த அரசிதழின் நகலைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருங்கள்.

இவ்வளவு அலைச்சலும் வராமல் இருக்க இரண்டு இடங்களில் விழித்திருந்தால் போதும். ஒன்று, பிறப்புப் பதிவு. குழந்தையின் பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுவரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதால், அதில் பெயரே இல்லாமல் விட்டுவைப்பது பிள்ளைக்குச் செய்கிற தீங்கு. இரண்டாவது, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன் பள்ளியில் தயாராகிற பெயர்ப் பட்டியல். அதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். எழுத்து, இனிஷியல், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு எங்களைத் தேடி வருகிறார்கள்.

கடைசிப் பெயர் கேட்கிற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதுங்கள். அம்மாவின் பெயரை எழுதுங்கள். சாதியை எழுத வேண்டாம் என்று இந்த அவையைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் இங்கே இருந்தால், அதை நீக்குவதற்கும் இதே அரசிதழ் விண்ணப்பம்தான் வழி. படிவத்தின் சில பிரதிகள் கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாருங்கள், உட்கார்ந்து நிரப்புவோம்.